வாத்து வண்டிகள் சொல்லும் வியாபாரப் பாடம்

பழைய பொருளை மலிவாக வாங்கி, திருத்தி, வேறொரு தேவைக்குப் பயன்படுத்தி இலாபம் காண்பது எமது சமூகத்து வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின்களும் கியர் பொக்ஸ்களும் விற்றுக் குடும்பத்தை உயர்த்தியவர்கள் ஏராளம். ஜப்பானில் ஓடி முடிந்த வான் இங்கு வந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறது. துறைமுகத்தில் ஒதுக்கிய கொள்கலன் வீதியோரத்தில் கடையாகிறது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. வீணாகப் போகும் சாமானுக்கு மறுவாழ்வு கொடுப்பது நல்ல வியாபாரம். வீண்விரயத்தைத் தவிர்ப்பதை எமது மார்க்கமும் விரும்புகிறது.

ஆனால் இந்த வகை வியாபாரத்துக்கென்றே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு வேலைக்குச் செய்த பொருளை வேறொரு வேலைக்கு மாற்றும்போது, வாங்கிய விலையை மட்டும் பார்த்து, மாற்றத்தின் விலையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவதே அந்த ஆபத்து. இதை விளங்கிக்கொள்ள ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல தசாப்தங்களாக நடந்த ‘வாத்து வண்டி’ சுற்றுலாத் தொழிலாகும். யுத்தத்தில் மிஞ்சிய வாகனங்களைக் கொண்டு ஆரம்பித்த அத்தொழில் எப்படி வளர்ந்தது, எப்படிச் சரிந்தது, அந்த வண்டிகளுக்கு இறுதியில் என்ன நடந்தது என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

யுத்தத்துக்காகப் பிறந்த வண்டி

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கப்பலில் கொண்டுவரும் உணவையும் வெடிமருந்தையும் துறைமுகம் இல்லாத கரையில் இறக்குவது எப்படி? கப்பலிலிருந்து படகுக்கும், படகிலிருந்து மணலுக்கும், மணலிலிருந்து லொறிக்கும் என்று ஒரே மூட்டையை மூன்று முறை தூக்க வேண்டியிருந்தது. கப்பலின் அருகிலேயே சாமானை ஏற்றிக்கொண்டு, நீந்தி வந்து, கரையேறி, பாதையில் ஓடக்கூடிய ஒரு லொறி இருந்தால் இந்த வேலை மிச்சம்.

அதற்கு விடையாக 1942 இல் உருவானதுதான் டி.யூ.கே.டபிள்யூ. என்ற வாகனம். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் ஆறு சக்கர இராணுவ லொறியை அடிப்படையாக வைத்து, அதைச் சுற்றி இரும்புத் தகட்டால் ஒரு படகு உடலைக் கட்டினார்கள். படகு வடிவமைப்பதில் பெயர்பெற்ற ரொட் ஸ்டீபன்ஸ் இதன் வடிவமைப்பில் முக்கிய பங்கு வகித்தார். அந்த நான்கு எழுத்துகளும் கம்பனியின் குறியீடுகளே. வடிவமைத்த ஆண்டு, வாகன வகை, முன்சக்கர இயக்கம், பின்புறம் இயங்கும் இரண்டு அச்சுகள் என்பவற்றை அவை குறித்தன. சிப்பாய்கள் அதனைச் சுருக்கி ‘டக்’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது வாத்து என்று ஒலிப்பதால் பெயர் நிலைத்துவிட்டது.

31 அடி நீளம். பாதையில் மணிக்கு 50 மைல், தண்ணீரில் மணிக்குச் சுமார் 6 மைல். இரண்டரை தொன் சாமான் ஏற்றலாம். மணலில் புதையாமல் இருக்க, சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே டயர்களின் காற்றைக் கூட்டிக் குறைக்க முடியும். அக்காலத்தில் அது பெரும் புதுமை. ஆரம்பத்தில் இராணுவம் இதில் அக்கறை காட்டவில்லை. 1942 டிசம்பரில் மசசூசெட்ஸ் கரையில் மணல் திட்டில் மோதிய கடலோரக் காவல் படகிலிருந்து ஏழு பேரை, பரிசோதனைக்காக அங்கிருந்த ஒரு ‘வாத்து’ கடும் புயலில் போய் மீட்டு வந்த பின்னர்தான் எதிர்ப்பு அடங்கியது. 1943 இல் சிசிலியிலும், 1944 இல் நோர்மண்டியிலும், பசிபிக் தீவுகளிலும் இவை உழைத்தன. யுத்தம் முடியும்போது 21,000 க்கும் மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாகியிருந்தன.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டி யுத்தத்தின் அவசரத்துக்காகச் செய்யப்பட்டது. சில காலம் உழைத்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. தண்ணீரில் அதன் அடிப்பகுதியில் ஓட்டை விழுந்தால் அதைத் தாங்கும் மிதப்பு அறைகள் அதில் இல்லை. உள்ளே வரும் நீரை வெளியே இறைக்கும் பம்ப்தான் அதற்குக் காவல். சாமான் மூழ்கினால் நட்டம் சாமானோடு போய்விடும் என்பது யுத்தகாலக் கணக்கு.

மிச்சச் சாமானில் பிறந்த தொழில்

யுத்தம் முடிந்ததும் அமெரிக்க அரசாங்கத்திடம் மலைபோல் வாகனங்கள் குவிந்தன. அவற்றை விற்றுத் தீர்க்கவே தனியான ஒரு நிர்வாகம் தேவைப்பட்டது. தீயணைப்புப் படைகளும் வெள்ள நிவாரணக் குழுக்களும் சில வாத்து வண்டிகளை வாங்கின. விஸ்கொன்சின் மாநிலத்தில் டெல்ஸ் என்ற இடத்தில், ஆற்றோரப் பாறைகளின் அழகைப் பார்க்க மக்கள் வருவது வழக்கம். அங்கு 1946 இல் மெல் ஃபிளாத் என்பவர் ஒரு வாத்து வண்டியில் மக்களை ஏற்றிச் சுற்றிக்காட்டத் தொடங்கினார். காட்டுப் பாதையில் ஓடி, அப்படியே ஆற்றில் இறங்கி, மீண்டும் கரையேறும் அந்த அனுபவத்துக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு தொழில் பிறந்துவிட்டது.

பின்னர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹொட் ஸ்பிரிங்ஸ், மிசூரியின் பிரன்சன் போன்ற உல்லாச நகரங்களிலும், 1994 இல் பொஸ்டனிலும், 1997 இல் சியாட்டிலிலும் அது பரவியது. பிரித்தானியாவில் லண்டனிலும் லிவர்பூலிலும் மஞ்சள் நிற வாத்துகள் ஓடின. எமது வியாபாரிகள் அடிக்கடி போய்வரும் சிங்கப்பூரிலும் 2002 இல் இதே யோசனை வந்தது. ஆனால் அங்கு பயன்பட்டவை வியட்நாம் யுத்தகாலத்து லார்க் என்னும் அலுமினிய உடல் கொண்ட வேறொரு வகை வாகனங்களாகும்.

ஏன் இத்தொழில் இலாபம் தந்தது? கணக்கு எளிமையானது. வாகனம் இராணுவ மிச்சத்தில் மலிவாகக் கிடைத்தது. பஸ்ஸுக்கு ஒரு ரிக்கெட், படகுக்கு ஒரு ரிக்கெட் என்று இரண்டாக விற்க வேண்டியதை ஒரே ஆசனத்தில் விற்கலாம். படகுத்துறை கட்டத் தேவையில்லை, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சரிவு இருந்தால் போதும். விளம்பரச் செலவு மிகக் குறைவு, ஏனெனில் வண்டி வீதியில் ஓடுவதே விளம்பரம். வாத்தைப் போல் சத்தமிடும் மஞ்சள் ஊதுகுழலைப் பிள்ளைகளுக்கு விற்றும் பணம் சேர்ந்தது. பொஸ்டனில் விளையாட்டுக் கழகங்கள் கிண்ணம் வென்றால் வீரர்கள் இவ்வண்டிகளில்தான் ஊர்வலம் போவார்கள். இதைவிடப் பெரிய விளம்பரத்தைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

ஆக, யோசனையில் பிழையில்லை. வாடிக்கையாளருக்கும் திருப்தி. அப்படியானால் எங்கே சறுக்கியது?

1999: ஒரு றப்பர் உறை

படகின் உடலைத் துளைத்துக்கொண்டு சக்கரங்களுக்கும் விசிறிக்கும் போகும் தண்டுகளைச் சுற்றி, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் றப்பர் உறைகள் இந்த வண்டியில் உண்டு. விலையில் அற்பமான பொருள். 1999 மே 1 ஆம் திகதி ஹொட் ஸ்பிரிங்ஸ் அருகிலுள்ள ஹமில்டன் ஏரியில் ‘மிஸ் மெஜஸ்டிக்’ என்ற வாத்து வண்டி, நீரில் இறங்கிச் சில நிமிடங்களிலேயே மூழ்கியது. 1944 இல் செய்யப்பட்ட அந்த வண்டியில் 21 பேர் இருந்தனர். 13 பேர் இறந்தனர். அவர்களில் பிள்ளைகளும் அடங்குவர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரணை செய்து, பின்புற உறையொன்று தளர்ந்து அதன் வழியே தண்ணீர் புகுந்ததையும், பராமரிப்பு போதாமல் இருந்ததையும் கண்டறிந்தது. அத்துடன் நின்றுவிடவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் என்று பயணிகளின் தலைக்கு மேல் போட்டிருந்த கூரை, வண்டி மூழ்கியபோது அவர்களை உள்ளேயே அடைத்துவிட்டது என்றது. ஓட்டை விழுந்தாலும் மிதக்கும்படி வண்டிகளை மாற்ற வேண்டும், அதுவரை கூரையைக் கழற்ற வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

கூரை யுத்தகால வடிவமைப்பின் பகுதியல்ல என்பதைக் கவனியுங்கள். வாடிக்கையாளரின் வசதிக்காக முதலாளிமார் சேர்த்தது அது. நல்ல நோக்கத்தோடு சேர்த்த ஒரு வசதி, ஆபத்து வேளையில் கூண்டாக மாறியது. சிபாரிசைச் சிலர் ஏற்றார்கள். பலர் செலவைப் பார்த்துத் தள்ளிப் போட்டார்கள். அதனைக் கட்டாயமாக்க வேண்டிய அதிகாரிகளும் தள்ளிப் போட்டார்கள்.

2010 உம் 2013 உம்: சிறு பிழைகளின் சங்கிலி

2010 ஜூலை 7 ஆம் திகதி பிலடெல்பியாவில் டெலவெயர் ஆற்றில் 37 பேருடன் சென்ற வாத்து வண்டியின் எஞ்சின் சூடேறி ஆவி கிளம்பியது. தீ என்று அஞ்சிய சாரதி எஞ்சினை நிறுத்தி நங்கூரமிட்டார். நடு ஆற்றில் நின்ற அந்த வண்டியை, இழுவைப் படகு ஒன்று தள்ளிவந்த பெரும் பார்ஜ் மோதி மூழ்கடித்தது. ஹங்கேரியிலிருந்து வந்திருந்த இரு இளம் மாணவர்கள் உயிரிழந்தனர். இழுவைப் படகைச் செலுத்தியவர் தொலைபேசியில் மூழ்கியிருந்ததே பிரதான காரணம். அவர் சிறை சென்றார். ஆனால் வாத்து வண்டி ஏன் நின்றது என்று பார்த்தபோது, குளிர்நீர்த் தாங்கியின் மூடி சரியாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. ஒரு மூடி!

2013 இல் பிரித்தானியாவில் நடந்தது இன்னும் கூர்ந்து படிக்க வேண்டிய பாடம். லிவர்பூல் துறைமுகக் குளத்தில் மார்ச் மாதம் ஒரு வண்டியும் ஜூன் மாதம் இன்னொரு வண்டியும் மூழ்கின. அல்லாஹ்வின் அருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கம்பனி அந்த ஆண்டே வீழ்ந்தது. வண்டிகள் மிதப்பதற்காக உள்ளே நுரைப்பாளங்களை அடைக்க வேண்டும் என்பது அங்கு விதி. ஜூனில் மூழ்கிய வண்டியில் விதித்த அளவு நுரைப்பாளம் இருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 29 ஆம் திகதி லண்டனில், தேம்ஸ் நதியில், பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே ஒரு வாத்து வண்டி தீப்பற்றியது. சுற்றுலாப் பயணிகள் ஆற்றில் குதித்தார்கள், 30 பேரும் காப்பாற்றப்பட்டனர். தீக்குக் காரணம் என்ன? மிதப்புக்காக நெருக்கி அடைத்திருந்த நுரைப்பாளங்களில் எண்ணெய் ஊறியிருந்தது. சுழலும் தண்டு அதில் உராய்ந்து சூடேறியதே பெரும்பாலும் காரணம் என விசாரணையாளர்கள் முடிவு செய்தனர். மூழ்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு எரிவதற்குக் காரணமாயிற்று. லிவர்பூலில் நுரைப்பாளம் போதவில்லை, லண்டனில் நுரைப்பாளமே தீயை மூட்டியது. 1942 இல் மிதப்பு அறைகளுக்கு இடம் விடாமல் கட்டிய ஒரு உடலுக்குள், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு பாதுகாப்பைத் திணிக்கப் பார்த்ததன் விளைவு இது.

2015: வாசிக்க வேண்டிய ஒரு கடிதம்

2015 செப்டம்பர் 24 ஆம் திகதி சியாட்டில் நகரின் உயரமான பாலமொன்றில் சென்ற வாத்து வண்டியின் முன் அச்சு உடைந்தது. கட்டுப்பாட்டை இழந்த வண்டி எதிரே வந்த பஸ்ஸின் பக்கவாட்டைக் கிழித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் வெளிநாடுகளிலிருந்து படிக்க வந்திருந்த கல்லூரி மாணவர்கள். ஐவர் இறந்தனர், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

இந்த அச்சுக் கூடு உடையக்கூடியது என்பது முன்னரே தெரிந்திருந்தது. இவ்வண்டிகளைப் புதுப்பித்து விற்ற கம்பனி 2013 இல் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பி, அவ்விடத்தைப் பரிசோதித்துப் பலப்படுத்தும்படி கூறியிருந்தது. சியாட்டிலில் வண்டியை ஓட்டியவர்கள் அந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. விற்ற கம்பனியோ, சட்டப்படி உற்பத்தியாளர் செய்ய வேண்டிய முறையான மீளழைப்பைச் செய்யவில்லை. 2019 இல் ஜூரிகள் சுமார் 123 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தனர். அதில் பெரும் பகுதி விற்ற கம்பனியின் தலையில் விழுந்தது, மீதி ஓட்டிய கம்பனியின் தலையில் விழுந்தது. ‘நான் கடிதம் அனுப்பினேன்’ என்று ஒருவரும், ‘நான் செய்யாத வண்டி’ என்று மற்றவரும் தப்ப முடியவில்லை.

2018: புயலுக்கு முன்னால் இருபது நிமிடம்

2018 ஜூலை 19 ஆம் திகதி மிசூரியின் பிரன்சன் நகரில், டேபிள் ரொக் ஏரியில் 31 பேருடன் ஒரு வாத்து வண்டி இறங்கியது. கூடுதல் ஆசனம் போடுவதற்காக வெட்டி நீட்டப்பட்ட வண்டி அது. கடும் புயல் எச்சரிக்கை வெளியாகி ஏறக்குறைய இருபது நிமிடம் கடந்திருந்தது. வழமையாக முதலில் தரைச் சவாரி, பிறகு தண்ணீர். அன்று புயல் வருமுன் தண்ணீர்ப் பகுதியை முடித்துவிடலாம் என்று வரிசையை மாற்றினார்கள். ரிக்கெட் பணம் வாங்கியாயிற்று, சவாரியைக் கொடுக்க வேண்டுமே என்ற அவசரம். காற்று வந்தது, அலை உள்ளே அடித்தது, வண்டி மூழ்கியது. 17 பேர் இறந்தனர். அவர்களில் 9 பேர் ஒரே குடும்பத்தினர்.

விசாரணைச் சபை மீண்டும் அதே இரண்டு விடயங்களைச் சொன்னது: மிதப்பு இல்லை, கூரையும் பக்கத் திரையும் தப்பிக்கும் வழியை மறித்தன. 1999 விபத்துக்குப் பின் சொன்ன அதே வார்த்தைகளை மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் இதில் இருக்கிறது. அந்தச் சவாரித் தொழிலை அப்போது நடத்திய கம்பனி அதனை முன்னைய உரிமையாளரிடமிருந்து வாங்கியது 2017 டிசம்பரில்தான். கையில் எட்டு மாதம்கூட நிறையவில்லை. ஒரு தொழிலை வாங்கும்போது அதன் பெயரையும் வாடிக்கையாளர்களையும் மட்டுமல்ல, அதன் பழைய குறைகள் அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

வண்டிகளுக்கு என்ன நடந்தது?

பிரன்சன் சவாரி 2018 உடன் நின்றது. பிலடெல்பியாவில் 2016 இலேயே நிறுத்திவிட்டார்கள். காப்புறுதிக் கட்டுப்பணம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியதைக் கம்பனி காரணமாகச் சொன்னது. லண்டனில் தீக்குப் பின்னரும் தொழில் தப்பிப் பிழைத்தது. ஆனால் வண்டிகள் ஆற்றில் இறங்கிய சரிவுப் பாதை, புதிய கழிவுநீர்ச் சுரங்கத் திட்டத்துக்குத் தேவைப்பட்டது. இறங்க வேறு இடம் கிடைக்காமல் 2017 இல் அங்கும் மூடினார்கள். சியாட்டில் கம்பனி 2020 இல் மூடியது. அமெரிக்கக் காங்கிரஸ் 2022 டிசம்பரில் மிதப்பு ஏற்பாட்டையும் கூரை அகற்றுதலையும் சட்டமாக்கியது. 2023 இல் கடலோரக் காவல் படை அதற்கான விதிகளை வெளியிட்டது.

ஓய்வுபெற்ற வண்டிகள் பல வழிகளில் பிரிந்தன. சில பழைய இரும்பாயின. சில, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் வழங்கும் களஞ்சியமாயின. 1945 க்குப் பின் இந்தப் பாகங்களைப் புதிதாகச் செய்யாத நிலையில், ஒரு வண்டி ஓட இன்னொரு வண்டியை அறுக்க வேண்டியதே வழி. சில, யுத்தகால வாகனம் சேர்ப்போரின் கைக்குப் போய், மஞ்சள் வர்ணம் சுரண்டப்பட்டு, மீண்டும் இராணுவப் பச்சை பூசி, நோர்மண்டி நினைவு விழாக்களில் ஓடுகின்றன. சேர்ப்போர் தேடுவது வெட்டாத, நீட்டாத, அசல் வண்டியைத்தான். கூடுதல் ஆசனத்துக்காக வெட்டி நீட்டியவர்கள் அந்தச் சந்தையையும் இழந்தார்கள்.

இதைச் சொல்லும்போது நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொழில் ஆரம்பித்த விஸ்கொன்சினில் யுத்தகால வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பொஸ்டனில் பழைய வடிவத்தைப் பின்பற்றிப் புதிதாகச் செய்த வண்டிகள் சேர்க்கப்பட்டன. அங்கு 2016 இல் ஒரு பெண் வீதியில் வாத்து வண்டியில் அடிபட்டு இறந்த பின், சாரதியே கதை சொல்லிக்கொண்டு ஓட்டக்கூடாது, மறைவிடங்களைக் காட்டும் கமரா வேண்டும் என்று மாநிலம் சட்டம் செய்தது. சட்டத்தை ஏற்று, செலவை ஏற்று, தொழிலைத் தொடர்ந்தார்கள். ஆகவே பழையது என்பதே குற்றமல்ல. பழையதைப் புதியது போல் எண்ணி ஓட்டுவதுதான் குற்றம்.

எமக்குரிய பாடங்கள்

முதலாவது, பயன்பாடு மாறினால் கணக்கும் மாற வேண்டும். சாமான் ஏற்றிய வாகனத்தில் மனிதரை ஏற்றுகிறோம் என்றால், பழைய உரிமையாளர் அதை எப்படிப் பாவித்தார் என்பது எமக்கு அளவுகோல் ஆகாது. மாதுகங்கையிலும் பெந்தோட்டையிலும் மீன்பிடி வள்ளத்தைச் சவாரி வள்ளமாக மாற்றுவோர், லொறியின் சேசிஸில் ஆசனம் கட்டுவோர், பழைய கேஸ் அடுப்பைத் திருத்திச் சாப்பாட்டுக் கடையில் வைப்போர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, தேய்மானத்தை இலாபமாக எண்ணக்கூடாது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பழைய வள்ளமொன்றைப் பத்து இலட்சத்துக்கு வாங்கி, நான்கு இலட்சத்துக்குத் திருத்துகிறார். மாத வரவு ஒன்றரை இலட்சம். எரிபொருளும் கூலியும் தொண்ணூறாயிரம். கையில் மிஞ்சுவது அறுபதாயிரம். ‘இரண்டு வருடத்தில் முதல் திரும்பிவிடும்’ என்று அவர் மகிழ்கிறார். ஆனால் இரண்டு வருடத்துக்கொரு முறை அடிப்பகுதியை மாற்ற மூன்று இலட்சம் வேண்டும், அது மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. மூன்று வருடத்துக்கொரு முறை எஞ்சினைப் பிரித்துத் திருத்த மூன்று இலட்சத்து அறுபதாயிரம், அது மாதத்துக்குப் பத்தாயிரம். பரிசோதனைக்கும் காப்புறுதிக்கும் ஏழாயிரத்து ஐந்நூறு. மொத்தம் முப்பதாயிரம். உண்மையான இலாபம் பாதிதான், முதல் திரும்ப ஏறக்குறைய நான்கு வருடம் போகும். அந்த முப்பதாயிரத்தையும் வீட்டுச் செலவுக்கு எடுப்பவர் இலாபத்தைச் சாப்பிடவில்லை. தன் வள்ளத்தின் அடிப்பலகையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறார். அதில் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

மூன்றாவது, சிறு பொருளை அற்பமாக நினைக்கக்கூடாது. ஒரு றப்பர் உறை, ஒரு மூடி, எண்ணெய் ஊறிய நுரைப்பாளம். மேலே கண்ட விபத்துகளில் இவற்றின் விலை ஒரு நாள் வசூலுக்குக்கூடச் சமமாகாது. கராஜில் வேலை செய்பவர் ‘இதையும் மாற்ற வேண்டும் முதலாளி’ என்று சொல்லும்போது எரிந்து விழாதீர்கள். அவர் அடுத்த முறை சொல்லாமல் விட்டுவிடுவார். அதுதான் பெரிய நட்டம்.

நான்காவது, எழுத்தில் வந்த எச்சரிக்கைக்கு எழுத்தில் பதில் வேண்டும். எந்தப் பாகம் என்று, யார் எப்போது மாற்றினார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீங்கள் விற்பவராக இருந்தால் தெரிந்த குறையைச் சொல்லியே விற்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அந்த வியாபாரியைக் கேட்டதும், மோசடி செய்பவரைக் கண்டித்ததும் நாம் ஜும்ஆவில் பலமுறை கேட்டவைதான். அங்கே நனைந்திருந்தது தானியம். உடையக்கூடிய அச்சும், துருப்பிடித்த அடித்தகடும் குவியலுக்குள் இருக்கும் ஈரத்தைவிடப் பாரதூரமானவை அல்லவா? வாங்கும் எமது சகோதரர் திரும்பி வந்து கேட்காவிட்டாலும், கேட்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது.

ஐந்தாவது, வருமானம் ஓடும் பாதை யாருடையது என்று பாருங்கள். லண்டன் கம்பனியிடம் வண்டி இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார்கள், பெயரும் இருந்தது. தண்ணீரில் இறங்கும் சரிவு மட்டும் சொந்தமாக இல்லை. வாடகைக் கடைக்கு முழு முதலையும் போட்டு அலங்காரம் செய்பவரும், ஒரே கம்பனியின் முகவராக மட்டும் இருப்பவரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆறாவது, நிறுத்தத் தெரிய வேண்டும். புயல் வரும் நாளில் ரிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் பிரன்சனில் நட்டம் ஒரு மாலை நேர வசூல்தான். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை சாரதிக்குக் கொடுத்து வையுங்கள். அப்படி அனுப்பியதற்காக அவரை ஏசாதீர்கள். அதேபோல ஒரு பொருளின் ஆயுள் முடிந்ததென்றால், இன்னும் ஒரு சீசன், இன்னும் ஒரு பெருநாள் என்று இழுக்காமல், விலை போகும் காலத்திலேயே விற்றுவிடுவது புத்தி.

இவ்வளவுக்கும் பிறகு ‘எல்லாம் கத்ர்படிதான் நடக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். கத்ரை நம்புவது எமது ஈமானின் பகுதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். கட்ட வேண்டிய கயிற்றை மிச்சம் பிடித்துவிட்டு, ஒட்டகம் ஓடியதற்குக் கத்ரைக் காரணம் காட்டுவது தவக்குல் அல்ல.

எமது வாகனத்தில் ஏறுபவர், எமது கடையில் உண்பவர், எம்மிடம் பழைய மெஷின் வாங்குபவர் ஆகிய எல்லோருமே எம்மை நம்பித் தம் உயிரையும் பொருளையும் அமானத்தாக ஒப்படைக்கிறார்கள். இந்த வாரம் கடையைப் பூட்டுமுன், உங்கள் தொழிலில் ஆகப் பழைய பொருள் எது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அதில் யாருடைய உயிர் தங்கியிருக்கிறது, அதன் ‘றப்பர் உறை’ எது, அதைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், நாளைய முதல் வேலை அதுதான்.

அல்லாஹ் எமது உழைப்பை ஹலாலாக்கி, எமது வியாபாரங்களில் பரகத் செய்வானாக. ஆமீன்.